முட்டையளவு வயிறு

மருதமுனையில் கருஞ்சீரகத்துக்குத் திடீரென்று கிராக்கி வந்ததற்கு ஜெமீலாதான் பொறுப்பு. அவருடைய மகள் சுல்பிகா, வீட்டில் அபாயா தைத்துக் கொடுக்கிறவள், கொழும்பில் உறவினர் வீட்டில் கொஞ்ச நாள் தங்கிவிட்டு வந்தாள். வந்தவள் மெலியத் தொடங்கினாள். மெலிந்துகொண்டே போனாள். வருடம் திரும்புவதற்குள் பழைய சுல்பிகாவில் பாதிதான் மிச்சமிருந்தாள். ஊர் சும்மா இருக்குமா? மீன்காரரின் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். அபாயாவுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டே கேட்டார்கள். ஜெமீலா வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"கருஞ்சீரகமும் தேனும் கா. சுபஹ் தொழுதிட்டு வெறும் வகுத்துல ஒரு கரண்டி. வேற ஒண்டுமே இல்ல."

அவ்வளவுதான். இடுப்பு பெருத்த அத்தனை பேரும் கருஞ்சீரகம் இடிக்கத் தொடங்கினார்கள். ஒருவரும் மெலிந்ததாகத் தெரியவில்லை. அளவு நாடா எந்நேரமும் சுல்பிகாவின் கழுத்தில்தான் கிடக்கிறது; யார் இடுப்பு என்ன நிலையில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் கருஞ்சீரகத்தை யாரும் குறை சொல்லவில்லை. தேனில் கலப்படம் என்று தேன்காரரைத்தான் திட்டித் தீர்த்தார்கள்.

உண்மை வேறு. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சுல்பிகாவின் வயிற்றில் சின்னச் சின்னதாய்த் துளை போட்டு, இரைப்பையை வெட்டி ஒதுக்கி, ஒரு முட்டையளவுக்கு மட்டும் விட்டு, குடலைத் தூக்கி அதனோடு தைத்துவிட்டிருந்தார்கள். கட்டாரில் வேலை செய்யும் அண்ணன், அவளுடைய காக்கா, செலவைப் பார்த்துக்கொண்டார். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. முழங்கால் நொந்து படி ஏற முடியாது, சீனி வியாதி வாசலில் வந்து நின்றது, பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனார்கள். கத்திக்குப் பயந்து நடுங்கினாள்தான். அதைவிட, அப்படியே இருந்துவிடுவோமோ என்ற பயம் பெரிதாக இருந்தது.

ஜெமீலாவுக்கு அந்தச் சொல்லே ஆகாது. "அல்லாஹ் தந்த வகுத்த வெட்டி எறிஞ்சவள் எண்டு செல்லுவாங்க. இவளுக்குப் புள்ள தங்காது எண்டு செல்லுவாங்க. ஒரு குஞ்சுக்கும் மூச்சு விட்டிராத, மகள்." மகள் மூச்சு விடவில்லை. ஊருக்குக் கருஞ்சீரகம் கிடைத்தது.

முட்டையளவு வயிற்றோடு வாழ்வது எப்படி என்று கொழும்பு டொக்டர் சொல்லியனுப்பியிருந்தார். முதலில் முட்டை, மீன், இறைச்சி. அதற்குப் பிறகு மரக்கறி. இடமிருந்தால் கடைசியில் சோறு. ஒவ்வொரு வாயையும் அரைத்துக் கூழாக்கித்தான் விழுங்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரை மணித்தியாலம் தள்ளிக் குடிக்க வேண்டும். சீனி கிட்டவும் வரக்கூடாது. விற்றமின், இரும்பு, கல்சியம் குளிசைகள் ஹயாத்து உள்ளவரைக்கும். சோற்றை மலையாகக் குவித்து, நடுவில் குழி பறித்து ஆணம் ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்த ஊர்ப் பிள்ளைக்கு இதெல்லாம் வேறு நாட்டுச் சட்டம் மாதிரி இருந்தது. ஆனால் பழகிவிட்டாள். வயிறு நிறைந்தால் அவளுக்கு ஒரு விக்கல் வரும். விக்கல் வந்தால் நிறுத்த வேண்டும். அதற்குமேல் ஒரு வாய் உள்ளே போனாலும் போன வழியே திரும்பி வரும்.

வீட்டில் இதைச் சமாளிக்கலாம். கலியாண வீட்டில் என்ன செய்வது? அங்கே சஹன். ஐந்து பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றியிருந்து, ஒரே சோற்றில் கை போட்டு, கதைத்துச் சிரித்துச் சாப்பிட வேண்டும். கடைசி ஆள் முடிக்கும்வரை மற்றவர்கள் எழும்புவது மரியாதையில்லை. சுல்பிகா இதற்கும் ஒரு வித்தை பழகினாள். கையை மற்றவர்களோடு சேர்த்து உள்ளே விடுவாள், சோற்றைப் பிசைவாள், உருட்டுவாள், இறைச்சியைப் பிய்த்துப் பக்கத்தில் இருப்பவள் பக்கம் தள்ளுவாள், வெறும் விரலை வாய்க்குக் கொண்டுபோய்ச் சும்மா மெல்லுவாள். கை சாப்பிடும், வாய் சாப்பிடாது. சஹனில் யார் எவ்வளவு தின்றார் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஜெமீலாவின் கைப்பையில் பொலித்தீன் பையில் சுற்றிய அவித்த முட்டை ஒன்று எப்போதும் இருக்கும். பெண்கள் கை கழுவப் போகும் நேரம் பார்த்துத் தாயும் மகளும் ஒரு அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்துவார்கள். ஜெமீலா வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், சுல்பிகா முட்டையை மென்றுகொண்டிருப்பாள். களவெடுத்துத் தின்பவர்கள்கூட அவ்வளவு பதறமாட்டார்கள்.

இதற்கிடையில்தான் கலியாணம் நடந்தது. மிஹ்லார் பாலமுனைக்காரன். ஒலுவில் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு மீன் ஏற்றும் கூலர் லொறி அவனுடையது. இங்கத்தைய வழக்கப்படி மாப்பிள்ளையாகப் பெண் வீட்டுக்குக் குடிவந்தான். அதிகம் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. வயிற்றில் இருந்த தழும்புகளைப் பார்த்து, "என்ன இது?" என்றான். "பித்தப்பையில கல்லு" என்றாள். "ஓம், எங்கட சாச்சாக்கும் இரிந்தது" என்று திரும்பிப் படுத்துவிட்டான். ஒரு பொய் இவ்வளவு இலகுவாக விலைப்பட்டால் யார்தான் திரும்ப வாங்குவார்கள்?

விலைப்படாத இடம் ஒன்றுதான், பாலமுனையில் மாமி வீடு. மிஹ்லாரின் உம்மா றைஹானத்துக்குச் சமையல்தான் கதை, சமையல்தான் துஆ, கோபம் வந்தாலும் சமையல்தான். மருமகள் வரும் நாளில் கோழியும் இறைச்சியும் மீனும் ஒன்றாக அடுப்பில் ஏறும். "தின்னு மகள், தின்னு" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார். சுல்பிகா பிசைவாள், உருட்டுவாள், தள்ளுவாள். மாமி ஒன்றும் சொல்லமாட்டார். சஹனைத் தூக்கிக்கொண்டு போகும்போது மட்டும், சுல்பிகா இருந்த பக்கத்தை ஒருதரம் பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்தாலே சுல்பிகாவுக்கு நெஞ்சு படபடக்கும்.

பிறகு அவள் உண்டானாள்.

ஜெமீலா அழுதார். மிஹ்லார் துறைமுகத்திலிருந்து அறக்குளா மீன் ஒன்றை முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்தான். சுல்பிகாவுக்குச் சந்தோசம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தச் சந்தோசத்தை உட்கார்ந்து அனுபவிக்க அவளுக்கு நேரமில்லை. அன்றிலிருந்து அவள் தலைக்குள் ஒரு கணக்குப்பிள்ளை குடியேறிவிட்டான். காலையில் முட்டை தின்றோமா? பாதிதானே தின்றோம், மற்றப் பாதி எப்போது? இப்போது தண்ணீர் குடித்தால் தயிருக்கு இடமிருக்காது. தயிரைத் தின்றால் இரும்புக் குளிசை போடக்கூடாது. இரும்பைப் போட்டால் கல்சியத்தைத் தள்ள வேண்டும். குளிசைப் போத்தல்களைப் பொத்தான் டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். பொத்தான் தேடுவது போல டின்னைத் திறந்து வாயில் போட்டுக்கொள்வாள். தையல் மெசினில் இருந்தபடியே கச்சான் கடலையைப் பல்லுக்குள் வைத்து அரைத்தாள், நெத்தலியைப் பொரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், பயறு அவித்தாள். நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருப்பது போலவும் ஒன்றுமே தின்னாதது போலவும் இருந்தது. பசி என்ற ஒன்று வந்து கூப்பிட்டாலாவது பரவாயில்லை. அது ஒப்பரேஷனோடு போனது, திரும்பி வரவே இல்லை.

ஊர் வேறு சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. பிள்ளைத்தாய்ச்சியின் வீட்டுக்கு யார் வெறுங்கையோடு வருவார்? ஒருத்தி தொதல், ஒருத்தி பால் சோறு, இன்னொருத்தி அன்னாசி ஜூஸ். "ரெண்டு உசிருக்குத் தின்னணும் புள்ள" என்று முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் ஒரு விள்ளல் வாயில் வைப்பாள். விக்கல் வரும். "பாத்தியா, மிஹ்லார் நினைக்கிறான்" என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அவர்கள் போனதும் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைப் பக்கவாட்டில் பார்ப்பாள். ஊரில் எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அபாயாவின் மடிப்பைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக் கொடுத்தவள் அவள். எந்த மாதத்தில் எவ்வளவு பிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய அபாயாவில் இன்னும் ஒரு மடிப்பும் பிரிக்கப்படவில்லை.

கிளினிக்கில் மருத்துவமாது கலாராணி அவளைப் படுக்க வைத்து நாடாவால் வயிற்றை அளந்தார். அளந்துவிட்டு நாடாவை எடுத்தவர், மீண்டும் வைத்து அளந்தார். சுல்பிகாவுக்கு அது போதும். முதல் அளவு பிடிக்காவிட்டால்தான் ஒருவர் இரண்டாம் தரம் அளப்பார்.

"போன முறைக்கும் இந்த முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்ல பிள்ள. என்ன சாப்பிடுறீங்க?"

"எல்லாம் சாப்பிடுறன் மிஸி."

"திரிபோஷா?"

"ஓம், ஓம்."

கிளினிக்கில் கொடுத்த அந்தச் சத்துமாப் பைக்கற்றுகள் அலுமாரிக்குள் அப்படியே அடுக்கிக் கிடந்தன. அதில் கிடந்த இனிப்பால் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"அடுத்த முறை ஒண்டும் சாப்பிடாம வாங்க. சீனித்தண்ணி தந்து ரத்தம் பாக்க வேணும்" என்றார் கலாராணி.

இந்த இடத்தில் சுல்பிகாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. கொழும்பு டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: உண்டானால் முதல் நாளே ஒப்பரேஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும், சீனித்தண்ணீர் குடித்துப் பார்க்கும் சோதனை உங்களுக்கு ஒத்துவராது, வேறு மாதிரித்தான் பார்க்க வேண்டும். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் சோதனை நாளன்று கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு இந்தப் பக்கம் அவளுடைய ஒழுங்கைக்காரி ஒருத்தி, அந்தப் பக்கம் அவளிடம் அபாயா தைக்கிற ஒருத்தி. "எனக்கு இது வேணாம்" என்றால் "ஏன்?" என்பார்கள். அந்த ஏனுக்குப் பயந்து, கொடுத்த போத்தலை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இதை மடத்தனம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. காது அடைத்தது. ஸ்காஃபுக்குள் வியர்வை ஊறி வழிந்தது. குடலை யாரோ முறுக்கிப் பிழிகிற வலி. வாங்கில் சரிந்தவளைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். சீனி குறைந்துவிட்டது என்று ஒருத்தி டொபி ஒன்றைப் பிரித்து அவள் வாய்க்குள் திணிக்கப் பார்த்தாள். "தள்ளுங்க, எல்லாரும் தள்ளுங்க!" என்று கலாராணி வந்து, அவளை உள்ளே தூக்கிப் படுக்க வைத்து, டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டி, அவள் கண் விழித்துப் பார்க்கும்வரை கையை விடாமல் நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.

"பிள்ளைட இதயத் துடிப்பு இருக்கு, பயப்படாதீங்க. இப்ப உண்மையச் சொல்லுங்க. வயித்துல இருக்கிறது நீங்க சொன்ன பித்தப்பைத் தழும்பு இல்ல, என்ன?"

சுல்பிகா சொன்னாள். மூன்று வருடங்களாக உம்மாவையும் காக்காவையும் தவிர யாரிடமும் சொல்லாததை, கூரையைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் சொன்னாள். கலாராணிக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா?

"நான் ஒவ்வொரு மாசமும் திரிபோஷாவத் தாறன், தின்னுங்க எண்டு சொல்லுறன், நீங்க தலைய ஆட்டுறீங்க. இண்டைக்கு அந்த டொபி உள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?" கொஞ்சம் அடங்கி, அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "டொக்டர்ட்ட நான் கதைக்கிறன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவம், ஸ்கேன் பாப்பம், ஊசி போடுவம். அதெல்லாம் செய்யலாம். ஆனா இஞ்ச நீங்க மாசத்துல ஒருநாள்தான் வாறீங்க. மிச்ச நாளெல்லாம் வீட்டுலதானே சாப்பிடுறீங்க? உங்கட ஆக்களுக்குத் தெரியாட்டி, அன்பு எண்டு நினைச்சுச் சீனியையும் சோத்தையும் அடைவாங்க. பிள்ளைக்குச் சேர வேண்டிய இடத்த அது பிடிச்சிரும். வீட்டுல சொல்லுங்க. நான் அங்க வந்து உங்களுக்கு வாயில தீத்தேலாது."

சுல்பிகா வீட்டுக்கு வந்ததும் வராததுமாய் உம்மாவிடம் சொன்னாள். ஜெமீலா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

"மிஸிக்குச் செல்லியாச்சா? சரி, மிஸி வேற ஊரு. மாமிக்குச் செல்லப் போறியா? இன்னும் கொஞ்ச நாள் பொறு மகள். புள்ள கைக்கு வரட்டும். பொறகு ஆரு என்னத்தக் கேக்கப்போறாங்க?"

"புள்ள வளரல்ல உம்மா."

ஜெமீலா எழும்பிக் குசினிக்குள் போய் முட்டை அவிக்க வைத்தார். அடுப்பின் முன்னால் அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

மிஹ்லாருக்குப் போனில் கோல் எடுத்தாள். அவன் துறைமுகத்தில் நின்றான். ஐஸ் கொட்டுகிற சத்தம், ஆட்கள் கத்துகிற சத்தம். "உங்களுட்ட ஒண்டு கதைக்கணும்" என்றாள். "என்ன, சுகமில்லையா?" என்றான். "சுகம்தான்" என்றாள். "அப்ப வந்து கதைப்பம் சுல்பி, லோட் ஏத்திக்கிட்டிரிக்கன்." கொழும்புக்குப் போய் வந்து, குளித்து, பகல் முழுக்கத் தூங்கினான். அவள் இரண்டு தரம் அறைக்குள் போய் அவனைப் பார்த்துவிட்டு, இரண்டு தரமும் மெசினுக்குத் திரும்பி வந்தாள். அபாயாவின் கையைக் கோணலாகத் தைத்துப் பிரித்தாள். திரும்பவும் கோணலாகவே தைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாலமுனையில் விருந்து. மருமகளுக்கு ஏழாம் மாதம் பிறந்தால் கூப்பிட்டுச் சோறு கொடுப்பது மாமி வீட்டு வழக்கம். முன் ஹோலில் ஆண்களுக்குச் சஹன், திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் பெண்களுக்கு. பாயில் வைத்த சஹனைச் சுற்றி சுல்பிகா, றைஹானத் மாமி, ஜெமீலா, மிஹ்லாரின் தங்கை பஸ்னா, மாமியின் தங்கையான சாச்சி என்று ஐந்து பேர். நெய்ச்சோறு, கோழிப் பொரியல், இறைச்சி ஆணம், கத்தரிக்காய்ப் பிரட்டல், அச்சாறு. பக்கத்தில் ஒரு பீங்கானில் வட்டிலப்பம், கித்துள் பாணியில் பளபளத்துக்கொண்டு.

மாமி பிஸ்மி சொல்லி, வட்டிலப்பத்தில் ஒரு பெரிய விள்ளலை எடுத்து மருமகளின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"வாயத் தொற மகள்."

"மாமி, இனிப்புப் பொறகு..."

"முதல் வாய் இனிப்புத்தான். எங்கட வீட்டு முறை. பஸ்னாக்கும் நான்தான் தீத்தின."

சஹனின் விளிம்புக்குக் கீழே ஜெமீலாவின் முழங்கால் மகளின் முழங்காலை அழுத்தியது. தின்னு, கொஞ்சம் தின்னு, என்ன வந்தாலும் வரட்டும் என்று அதற்கு அர்த்தம். சுல்பிகாவுக்குக் கிளினிக் வாங்கு கண்ணுக்குள் வந்தது. வாய் திறக்கவில்லை. மாமியின் கையும் இறங்கவில்லை. பாணி விரலிடுக்கால் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. பஸ்னா சோற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

"கலியாணம் முடிச்ச நாளையிலிருந்து பாக்கிறன்" என்றார் மாமி. சத்தம் போடவில்லை; சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எண்ட சோத்தப் பிசைவாய், உருட்டுவாய், வாயில வெக்கமாட்டாய். எனக்கு விளங்காதா? சஹனத் தூக்கக்குள்ள உண்ட பக்கத்துச் சோறு கூடியிரிக்குமே ஒழியக் குறைஞ்சிரிக்காது. எண்ட கை உனக்கு அருவருப்பா மகள்? செல்லிரு. நான் தீத்தல்ல."

சுல்பிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு காலமும் இந்தக் கிழவிக்கு நம்மேல் சந்தேகம் என்றுதான் பயந்துகொண்டிருந்தாள். மாமிக்கு இருந்தது சந்தேகம் இல்லை, நோவு. அந்த நோவை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தரமும் கோழியும் இறைச்சியும் மீனுமாய்ச் சமைத்துக் கொட்டியிருக்கிறார். இன்னும் ருசியாகச் சமைத்தாலாவது தின்பாள் என்று நினைத்திருப்பார்.

"அருவருப்பில்ல மாமி" என்றாள்.  "எனக்கு வகுறு இல்ல."

"என்ன?"

"வெட்டிட்டாங்க. கொழும்புல. ஒரு முட்டையளவுதான் இரிக்கி. பித்தப்பை இல்ல, கருஞ்சீரகமும் இல்ல. இனிப்புத் திண்டா நான் விழுந்திருவன் மாமி. சோறு திண்டா இறைச்சிக்கு இடமில்ல. கொஞ்சம் கூடினாலும் சத்தி எடுப்பன். உங்கட கையால திங்க எனக்கும் ஆசைதான், அல்லாஹ்வுக்காகச் செல்றன், ஏலாது."

பிறகு அழுதுவிட்டாள். அடக்கி அடக்கி வைத்ததெல்லாம் நெய்ச்சோற்றின் முன்னால் கொட்டியது.

முதலில் வாய் திறந்தவள் பஸ்னா. அவள் மெல்லிய உடம்புக்காரி இல்லை. "அப்ப அந்தக் கருஞ்சீரகம்?" என்று ஜெமீலாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அதுவும் நல்ல மருந்துதானே..." என்று ஜெமீலா முணுமுணுத்தார்.

"ஒண்டர வருசமாக் குடிக்கிறன்! நெஞ்செரிவுல செத்துக்கிட்டிரிக்கன்!"

சாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பஸ்னாவுக்கும் தொற்றியது. மாமி மட்டும் சிரிக்கவில்லை. வட்டிலப்பத்தைப் பீங்கானில் திருப்பி வைத்துவிட்டு, மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டார்.

"புள்ளைக்கு என்ன போகுது?" என்று கேட்டார்.

"காணாது மாமி. வளர்த்தி காணாதாம்."

"ரெண்டு வருசமா எண்ட வீட்டுக்கு வந்து பட்டினி கிடந்திட்டுப் போயிரிக்காய்." மாமியின் குரல் இப்போதுதான் உயர்ந்தது. ஜெமீலாவின் பக்கம் திரும்பினார். "நீங்களும் பக்கத்துல இரிந்து பாத்துக்கிட்டு இரிந்திரிக்கீங்க."

ஜெமீலா நிமிரவில்லை. பக்கத்தில் கிடந்த கைப்பையை இடது கையால் இழுத்துத் திறந்தார். பொலித்தீன் பையைப் பிரித்து, அவித்த முட்டையை எடுத்துச் சஹனின் ஓரத்தில், நெய்ச்சோற்றின் மேல் வைத்தார்.  

மாமி முட்டையைப் பார்த்தார், ஜெமீலாவைப் பார்த்தார். பிறகு முட்டையை எடுத்துப் பிட்டார்.

"இந்தளவா?"

"இன்னும் சின்னதா, மாமி."

"இப்ப?"

"ஓம்."

மாமி தீத்தினார். சுல்பிகா வாங்கி மென்றாள். மெல்லுவதென்றால் அப்படி இப்படியில்லை; கூழாகும்வரை மென்றாள். இந்த முறை கையை ஏமாற்றாக அசைக்கத் தேவையில்லை. கை மடியில் சும்மா கிடந்தது. மாமி அடுத்த விள்ளலைக் கையில் வைத்துக்கொண்டு பொறுத்திருந்தார். கோழியின் நெஞ்சுப் பக்கத்தைப் பிய்த்து, நாராக்கி, எலும்பு பார்த்து, ஓரத்தில் சேர்த்து வைத்தார்.

திரைச்சீலை அசைந்தது. மிஹ்லார் அந்தப் பக்கம் நின்றான். "உம்மா, என்ன சத்தம்? ஆரு அழுற?"

சுல்பிகா மெல்லுவதை நிறுத்தினாள். அவனுக்கு இன்றைக்கே சொல்ல வேண்டும். லொறி கிளம்புமுன் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது?

"ஒண்டுமில்ல. நீ போய்ச் சாப்பிடு" என்றார் மாமி. "உண்ட பொண்டாட்டி சாப்பிடுறா."

ஆண்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் சத்தம் கேட்டது. வெளியே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பின. இங்கே ஒருவரும் எழும்பவில்லை. சுல்பிகா ஒவ்வொரு நாராக மென்றுகொண்டிருந்தாள். தன்னால் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவசரப்பட்டு விழுங்கப் பார்த்தாள். "மெதுவா" என்றார் மாமி. பஸ்னாவின் விரல்களில் சோறு காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. சாச்சிக்குக் கால் மரத்துப்போனது. காலை மாற்றிப் போட்டுக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தார். ஆணத்தின் மேல் நெய் உறைந்துவிட்டது.

இது போதுமா? அடுத்த முறை கலாராணி நாடாவை வைக்கும்போது ஒருதரம் அளப்பாரா, இரண்டுதரம் அளப்பாரா? அது சுல்பிகாவுக்குத் தெரியாது. மெல்லுகிறபோதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

விக்கல் வந்தது.

"யாரோ நினைக்கிறாங்க" என்றார் சாச்சி, பழக்கத்தில்.

"ஒருத்தரும் நினைக்கல்ல" என்று மாமி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "வகுறு நிறைஞ்சிட்டு. இல்லையா மகள்?"

"ஓம் மாமி."

"இனி எப்ப திங்கணும்?"

"ரெண்டு மணித்தியாலம் போகணும்."

"தண்ணி?"

"இப்ப இல்ல. கொஞ்ச நேரம் செண்டு."

மாமி தலையை ஆட்டினார். மிச்சமிருந்த கோழி நாரையெல்லாம் ஒரு சின்னக் கோப்பையில் வழித்துப் போட்டு, மூடி, தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எழும்பினார், மற்றவர்களும் எழும்பினார்கள். கை கழுவப் போகிற வழியில் மாமி சுவர்க் கடிகாரத்தின் முன்னால் நின்று நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனார்.